முப்பத்தொன்று முடியட்டும்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வெளிக்கிட்டால் இன்னொன்று மறந்துபோகும். மறந்தது பிறகு குசினியில் வெங்காயம் வெட்டும்போது வரும். எங்கள் கட்டடத்தின் கீழ் அறையில் கூடுகிற முதியவர்கள் ஒரு மலர் போடுகிறார்களாம், ஆளுக்கொன்று எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். அப்படி வாய் திறந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கனடாவில், டோர்செட் பார்க்கில் எங்களுடையது இரண்டு அறை வீடு. என் கணவர் உயிரோடு இருந்தபோது எடுத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போன பிறகு ஓர் அறை சும்மா கிடந்தது, உடுப்புக் காயப்போடுவதற்கு மட்டும் அதற்குள் போவேன். அந்த அறைக்குத்தான் என் பெறாமகள் வந்தாள். என் தங்கையின் ஒரே பிள்ளை.

தங்கையை வன்னியில் கட்டிக்கொடுத்தோம். பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். கடைசிச் சண்டையில் தகப்பன் காணாமல் போனார். முகாமில் இருக்கும்போது தங்கை நோயில் போய்விட்டாள். பிறகு பிள்ளையை வளர்த்தது தகப்பனின் தம்பி, அவளுடைய சித்தப்பா. அவருக்குச் சொந்தமாக மூன்று பிள்ளைகள். இருந்தும் இவளைத்தான் சைக்கிளின் முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாராம். கம்பஸ் வரைக்கும் படிப்பித்தார். பட்டமும் எடுத்தாள்.

அவள் இங்கே வந்து அகதி வழக்குப் போட்டாள். அது தோற்றுப்போனது. பிறகு லோயர் இன்னொரு விண்ணப்பம் போட்டார். மனிதாபிமான அடிப்படையில் இருக்க விடுங்கள் என்று கேட்கிற விண்ணப்பமாம். அதற்குப் பதில் வரும்வரைக்கும் வேலை செய்யலாம், ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது. இதெல்லாம் பிள்ளை எனக்குச் சொல்லித்தந்த அளவில்தான் தெரியும்.

பகலில் தமிழ்க்கடையில் காசு வாங்குகிற இடத்தில் நிற்பாள். வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முதல் போனைப் பார்ப்பாள். என்ன பிள்ளை என்றால், "அதே தான் பெரியம்மா" என்பாள். அதே என்றால், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அரசாங்கம் போட்டிருக்கிற ஓர் ஆங்கில வரி. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரியின் நீளம் தெரியும். நீளம் மாறவில்லை என்றால் பதில் வரவில்லை என்று தூரத்திலிருந்தே கண்டுகொள்வேன்.

அந்த வருடம் இளவேனிலில் அவளுக்கு யூனிவேர்சிற்றியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. நிலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பற்றிய படிப்பு. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பழுதாகிற கதையை எழுதித்தான் இடம் கேட்டிருந்தாளாம். அன்றைக்கு அவள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். "விடு மோனை, முள்ளந்தண்டு முறியப்போகுது" என்று நான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சீனாக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சந்தோஷம் அந்தக் கிழமையோடு சரி. பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாக இருக்கிற உரிமை, உள்ள பிள்ளைக்கு ஒரு கட்டணம், இல்லாத பிள்ளைக்குப் பல மடங்கு. அரசாங்கம் கொடுக்கிற படிப்புக் கடனும் இவளைப் போலக் காத்திருக்கிறவர்களுக்கு இல்லை. அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கு அது கிடைக்குமாம்.

பண உதவிப் பகுதி என்று யூனிவேர்சிற்றியில் ஒரு கந்தோர் இருக்கிறது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் போகப் பயமா என்று கேட்டேன். "நீங்கள் பக்கத்திலை இருந்தா நான் அழமாட்டன் பெரியம்மா" என்றாள். அங்கே இருந்த பெண் நல்லவள். கறுப்பினப் பெண், காதில் பெரிய தோடு. சினக்கவில்லை. கணினித் திரையைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை விரலை வைத்து வாசித்தாள். வாசித்துவிட்டு விரலை எடுத்தாள். எனக்கு விரல் மட்டும்தான் விளங்கியது.

வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"என்ன மோனை சொன்னவ?"

"உள்ளை போன பிள்ளையளுக்கு உதவி இருக்காம் பெரியம்மா. கஷ்டம் எண்டு எழுதிக் குடுத்தா கொஞ்சம் கொஞ்சமா தருவினமாம். உள்ளை போறதுக்குத்தான் ஒண்டும் இல்லையாம்."

"வாசல்லை நிக்கிறவனுக்குச் சாப்பாடு இல்லை, பந்தியிலை இருக்கிறவனுக்கு ரெண்டாந்தரம் சோறு எண்டுறாள்."

பிள்ளை சிரித்துவிட்டாள். சிரித்தபடியே முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்படியாக, முதல் தவணைக் கட்டணத்தை ஓகஸ்ட் முடிய முதல் கட்டிவிட்டால் போதும் என்று ஒரு கணக்கு வந்தது. அதைக் கட்டிவிட்டால் உள்ளே போய்விடலாம். உள்ளே போனால் மிச்சத்துக்கு அவர்களிடமே கேட்கலாம். அதற்குள் பி.ஆரும் வந்துவிடக்கூடும். கடையில் உழைத்ததை அவள் சேர்த்து வைத்திருந்தாள். என் பென்சனில் மிஞ்சியதை நானும் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள், தலையணை உறைக்குள் வைத்தேன். அப்படியும் காணாது.

தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மருந்துதான் தெரிந்திருந்தது. கடையில் ஒரு பெண் கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏன் அன்ரி உந்தக் கஷ்டம்? ஒரு சிற்றிசன் பொடியனாப் பாத்துக் கட்டிவிடுங்கோவன். படிப்பும் நடக்கும், பி.ஆரும் வரும்." பிள்ளை அந்தக் கறிவேப்பிலைக்குக் காசு வாங்கிக்கொண்டே, "அன்ரி, மாப்பிள்ளைக்கும் ஓகஸ்ட் முடிய முதல் கட்டவேணுமோ?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கறிவேப்பிலைக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஞாபகம் எனக்கு வந்தது. இங்கே ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே கடை நடத்திக் காலமானார். அவருடைய பெயரில் மனைவி ஒரு கல்வி நிதி தொடங்கியிருந்தார். வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுப்பார்கள். சங்கத் தலைவருக்குப் போன் எடுப்பதற்கு நான் மூன்று நாள் யோசித்தேன். எடுத்தபோது அவர் காரில் போய்க்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ அக்கா. பிள்ளை எந்த ஊர்?"

"என்ரை தங்கச்சியின்ரை மகள் தம்பி."

"அது சரி. தகப்பன் எந்த ஊர்?"

"தகப்பன் வேறை ஊர். பிறந்தது வன்னி."

"அப்ப எங்கட ஊர் இல்லையே அக்கா."

"தாய் எங்கட ஊர் தானே தம்பி. கோயில் வடக்கு வீதியிலை, கிணத்தடிக்குப் பக்கத்து வீடு."

"கிணத்தடி வீடோ? வெள்ளைப் பசு நிண்ட வீடோ?"

"ஓம் தம்பி."

"அட, அந்தப் பசு என்னை இடிச்சு விழுத்தினது அக்கா! இஞ்சை பாருங்கோ, இப்பவும் முழங்காலிலை தழும்பு இருக்கு. சரி, விடுங்கோ. அந்த வீட்டுப் பேத்தி எண்டா எங்கட ஊர் தான்."

இப்படி ஒரு மாட்டினால் பிள்ளைக்கு ஊர் கிடைத்தது. குழு கூடிச் சம்மதித்தது. ஓகஸ்டில் வருகிற ஒன்றுகூடலில் மேடையில் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். மேடையில்தான் வாங்க வேண்டும், அதுதான் வழக்கம். கணவரின் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு ஏற்றி, தேவாரம் பாடி, பிறகு அந்த அம்மா தன் கையால் கொடுப்பார். அவருடைய பிள்ளைகள் வேறு நாடுகளில் இருப்பதால் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அனுப்புவார்கள்.

பிள்ளை சீலை உடுத்துப் பழகினாள். என் நீலச் சீலையை எடுத்து வைத்தோம். சட்டைக்கு இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன்.

ஒன்றுகூடலுக்கு ஆறு நாள் இருக்கும்போது சித்தப்பா போய்விட்டார். வயலுக்குப் போனவர் வரம்பிலேயே விழுந்துவிட்டாராம். பிள்ளை கடையில் நிற்கும்போது தகவல் வந்திருக்கிறது. அவள் மிச்ச நேரமும் நின்று காசு வாங்கிவிட்டுத்தான் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். அன்றைக்குத்தான் போனைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினாள். "சித்தப்பா மோசம் போயிட்டார் பெரியம்மா" என்றாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள்.

போகமுடியாது. லோயரிடம் கேட்டாள், கேட்கத் தேவையில்லை என்று தெரிந்தும் கேட்டாள். போனால் விண்ணப்பம் அதோடு முடிந்தது என்றார் அவர்.

செத்தவீட்டைப் போனில் பார்த்தோம். இங்கே பொழுது விடிய முன்னம், அங்கே மத்தியானம். மச்சான் முறையான ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நடந்தான். பறைச் சத்தம் போனுக்குள் கிழிந்து கிழிந்து கேட்டது. ஆட்கள் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து, "அழாதை பிள்ளை", "உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தப்பாவின் முகத்தைக் காட்டினான். பிள்ளை போனைத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். வைத்தால் படம் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

பாடையைத் தூக்குகிற நேரம் படம் நின்றுவிட்டது. ஒருவருடைய கை மேலே போய் அப்படியே நின்றது. பிள்ளை போனைத் தட்டினாள், ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். திரும்பப் படம் வந்தபோது பந்தலில் வெறும் கதிரைகள் இருந்தன. ஒரு கிழவி அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று பிள்ளை குளித்துவிட்டு வந்து, எங்கள் அலுமாரித் தட்டில் இருக்கிற சாமிப் படங்களுக்கு ஒரு துணியைப் போட்டு மூடினாள். விளக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"முப்பத்தொண்டு வரைக்கும் துடக்கு பெரியம்மா. நான் மேடைக்குப் போகேலாது."

தகப்பன் வழியில் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. கோயிலுக்கோ விளக்கேற்றுகிற இடத்துக்கோ போவதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"போ பிள்ளை. உது ஒருதருக்கும் தெரியாது. சாமி கோவிக்காது. சித்தப்பாவும் நீ படிக்கிறதைத்தான் விரும்புவார்."

"தெரியும்."

"பிறகென்ன?"

"என்னாலை செத்தவீட்டுக்குப் போகேலாமப் போச்சு. வாய்க்கரிசி போடேல்லை. எட்டாம் நாளுக்கும் போகமாட்டன், முப்பத்தொண்டிலை அந்தியேட்டிக்கும் போகமாட்டன். துடக்குக் காக்கிறது ஒண்டுதான் இஞ்சை இருந்து செய்யலாம். அதையும் விடச் சொல்லுறியளோ பெரியம்மா?"

படித்தவள் அவள், துடக்கை விடச்சொன்னவள் நான். இதை எங்கே போய்ச் சொல்வது?

தலைவருக்குத் திரும்பவும் போன் எடுத்தேன். பிள்ளைக்கு வரமுடியாது, நான் வாங்கலாமோ என்று கேட்டேன். எனக்குத் துடக்கு இல்லை, அவர் என் தங்கையின் கணவரின் தம்பிதானே. "ஓ, நீங்களே வாங்கோ அக்கா, பசு மாட்டு வீட்டிலை இருந்து ஆர் வந்தாலும் சரி" என்றார். ஏன் வரமுடியாது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அன்றைக்கு மண்டபத்துக்குக் கொத்து ரொட்டி சொல்லவேண்டிய அவசரம்.

நீலச் சீலையை நானே உடுத்துக்கொண்டு போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். சின்னப்பிள்ளைகள் மேசைகளுக்குக் கீழே ஓடினார்கள். என்னை முன் வரிசையில் இருத்தினார்கள். விளக்கேற்றினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். எனக்குத் துடக்கில்லை என்று திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் காலையில் பிள்ளை வைத்த தேத்தண்ணியைத்தானே குடித்துவிட்டு வந்தேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஏறும் படி எனக்கு உயரம். ஒரு பெடியன் கை தந்தான். அந்த அம்மா நின்றார். மெலிந்த மனுசி, சாம்பல் நிறச் சீலை, நெற்றியில் திருநீறு. என்னைவிடச் சில வயது குறைவாக இருக்கும். கையில் கதவளவு பெரிய மட்டைக் காசோலை. அதன் மூலையில் அவருடைய கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மையான காசோலை ஒரு கடித உறைக்குள் தனியாக இருந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "எங்கட ஊர்ப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை. பி.ஆர். இன்னும் வரேல்லை. ஆனாலும் படிப்பை விடேல்லை!" ஆட்கள் கைதட்டினார்கள். "பிள்ளைக்குப் பதிலாகப் பெரியம்மா வந்திருக்கிறா. எங்கை அக்கா பிள்ளை? வேலையோ?" என்று மைக்கை என் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

ஓம், வேலை என்று சொல்லியிருக்கலாம். இரண்டு சொல்தான். ஆனால் அந்த அம்மாவின் கணவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நின்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"செத்தவீடு தம்பி. பிள்ளையை வளர்த்த சித்தப்பா மோசம் போயிட்டார். துடக்கு. அதுதான் பிள்ளை வரேல்லை."

என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. அது என்னுடைய குரல் என்று எனக்கே தெரியவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு சலசலப்பு வந்தது. அந்த அம்மா மட்டையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். மைக்குக்குக் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"எத்தினையாம் நாள் அக்கா?"

"ஆறு."

"நீங்களும் பிள்ளையும் ஒரு வீடோ?"

"ஓம்."

"ஒரு அடுப்போ?"

"ஓம்."

ஒரே அடுப்பில் சாப்பிடுகிற எனக்கும் துடக்குத்தான் என்று அவர் நினைக்கிறார் என்பது தலைவருக்கு விளங்கிவிட்டது. தலைவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "கனடாவிலை என்ன துடக்கு அன்ரி? இஞ்சை அடுப்பே கரண்டிலை தானே!" முன்னால் இருந்த சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடிக்க வந்தார். பிடிக்காமல் தன் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இது அவரின்ரை பேரிலை குடுக்கிற தருமம். துடக்கிலை குடுத்தா அவருக்குப் போய்ச் சேராது. முப்பத்தொண்டு முடியட்டும். நானே வீடு தேடிக் கொண்டுவாறன். என்னை நம்புங்கோ."

நான் நம்பினேன். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பத்தொன்று முடிய செப்டெம்பர் நடுப்பகுதி ஆகிவிடும் என்பதை, ஓகஸ்ட் முடிய முதல் கட்டவேண்டும் என்பதை, அந்த நேரம் சொல்ல எனக்கு வரவில்லை. மைக்கை எடுத்துவிட்டார்கள். நான் பக்கப் படியால் இறங்கினேன். என் பின்னால் தலைவர் அடுத்த நிகழ்ச்சி சிறுவர் நடனம் என்று அறிவித்தார்.

அடுத்த நாள் தலைவருக்குப் போன் எடுத்துத் திகதியைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். அந்த அம்மாவிடமும் கதைத்திருக்கிறார். அந்த அம்மா அழுதாராம், ஆனால் மாறவில்லை. "வேறை ஆற்றையும் காசு எண்டா நான் இப்பவே கொண்டுவந்து தருவன் அக்கா. அது செத்த மனுசன்ரை காசு" என்றார் தலைவர். அந்த அம்மாவில் எனக்குக் கோபம் வரவில்லை. என் பிள்ளை சித்தப்பாவுக்காகக் காத்ததைத்தான் அவரும் தன் புருஷனுக்காகக் காத்தார். இரண்டு பேரும் செத்தவர்களுக்குத் தாங்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். அது பிள்ளையின் படிப்பில் வந்து இடித்துக்கொண்டது.

மண்டபத்திலிருந்து திரும்பி வந்து நான் எல்லாவற்றையும் சொன்னபோது, பிள்ளை முதலில் கேட்டது இதுதான்: "பெரியம்மா, நீங்கள் மைக்கிலை கதைச்சனீங்களோ?"

"ஓம் மோனை."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ?" அவள் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்தது. "நான் பாக்கக் குடுத்துவைக்கேல்லை." பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

கடைசித் திகதிக்கு முதல்நாள் யூனிவேர்சிற்றிக்குப் போன் எடுத்தாள். சில கிழமை பொறுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது, இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிள்ளை மூன்று நாலு தரம் நன்றி சொன்னாள். போனை வைத்த பிறகும் ஒருதரம் சொன்னாள்.

முப்பத்தோராம் நாள், அங்கே அந்தியேட்டி. இங்கே பிள்ளை சோறும் கறியும் சமைத்துச் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்தாள். அவருக்குக் கத்தரிக்காய் விருப்பமாம், இரண்டு விதமாகச் சமைத்தாள். அடுத்த நாள் வீட்டைக் கழுவி, சாமிப் படங்களின் துணியை எடுத்தோம். றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்யவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அந்த அம்மா. எலிவேற்றர் அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஏழு மாடி ஏறி வந்திருக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். சொன்ன சொல்லுக்குச் சொன்ன நாளில் வந்துவிட்டார். பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், தேத்தண்ணி வைத்தாள். அவர் உறையை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

"இந்தாம்மா. இப்ப ஒரு குறையும் இல்லை."

பிள்ளை கையை நீட்டவில்லை.

"அன்ரி, இது படிக்கிற பிள்ளைக்கு எண்டு மாமாவின்ரை பேரிலை வைச்ச காசு. நான் இப்ப படிக்கேல்லை. இடம் போயிட்டுது. ஆராவது படிக்கிற பிள்ளைக்குக் குடுங்கோ."

"ஒரு மாதம் பொறுக்கேலாதோ அந்த யூனிவேர்சிற்றிக்கு?"

"அவைக்குத் துடக்கு இல்லை அன்ரி."

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த அம்மா உறையை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். பிள்ளை அவருக்குப் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிட்டாள். நான் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது, இன்னொருதரம் வைத்தேன். போகும்போது அவர், அடுத்த வருடத்துக்கு உன் பெயரில் வைத்திருப்பேன் என்றார். வேண்டாம் அன்ரி, அதுக்குள்ளை ஒரு பிள்ளை வாசல்லை நிக்கும் என்றாள் இவள்.

அந்த மாதம் முடிய முதல் பிள்ளை ஒஷாவாவில் ஒரு வெயர்ஹவுசில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையைவிடச் சம்பளம் கூட. போய்வரத் தூரம் என்று அங்கேயே இரண்டு பிள்ளைகளோடு அறை எடுத்துக்கொண்டாள். படிப்புக்கு என்று வாங்கிய பழைய புத்தகங்கள் இரண்டை இங்கே கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாள். அறையில் நான் திரும்பவும் உடுப்புக் காயப்போடத் தொடங்கினேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் போன் வந்தது. "வந்திட்டுது பெரியம்மா" என்றாள். எது என்று கேட்கவில்லை. அந்த நீளமான வரி மாறிவிட்டது. பின்னால் பெட்டிகள் உருட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், "பிறேக் முடிஞ்சுது, வைக்கிறன்" என்றாள்.

கையில் அட்டை கிடைத்ததும் முதல் வேலையாகச் சித்தப்பாவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குப் பிளேன் ரிக்கெற் எடுத்தாள். சேர்த்து வைத்த காசு அதற்குப் போனது. அந்த வீட்டு முற்றத்தில் நின்று எனக்கு வீடியோவில் கதைத்தாள். சித்தப்பாவின் சைக்கிளைக் காட்டினாள், ரயர் இரண்டிலும் காற்று இல்லை. திரும்பி வந்து அதே வேலைக்குத்தான் போகிறாள். இப்போது அவளுக்குக் குறைந்த கட்டணம், அரசாங்கக் கடனும் கேட்கலாம். ஆனால் படிப்பைப் பற்றி அவள் கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சாப்பிடுவாள், என் கால் நகத்தை வெட்டிவிடுவாள், நித்திரை கொள்ளுவாள். போன கிழமை கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இழுத்து வெளியே தெரிய வைத்தேன். அவள் காலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

இவ்வளவுதான். மலர் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பி.ஆர்., கட்டணம், கடன் என்று நான் எழுதியதெல்லாம் காதால் கேட்டது, பிழையாக இருக்கலாம். வாசிக்கிற பிள்ளைகள் அதை நம்பி மோசம் போகக்கூடாது, படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். சித்தப்பா போனது திங்களா செவ்வாயா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. இன்னொன்றையும் விசாரித்துச் சொல்லுங்கள். ஒருமுறை இடம் கிடைத்து விட்டுப்போன பிள்ளை அதே படிப்புக்குத் திரும்பக் கேட்டால் குறையாக எடுப்பார்களா, வயது பார்ப்பார்களா, எந்த மாதத்துக்குள் எழுதவேண்டும்? பதிலை என்னிடம் தாருங்கள். பிள்ளைக்குத் தெரியவேண்டாம்.